டொராண்டோ வடக்கே இருக்கிறது

பூமி உருண்டை என்று நிரூபிக்கப் போய், சொந்த அக்காவின் பாஸ்போர்ட்டை விழுப்புரம் பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தவன் நான். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. எங்கள் அடுக்குமாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்லும்போது நடக்காத இரண்டு விஷயங்களும் சேர்ந்திருக்கும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருப்பவனுக்கு ஆகாய விமானங்களைப் பற்றி அபிப்பிராயங்கள் இருப்பது இயற்கை. மொட்டை மாடியில் வடாம் காயப்போடப் போனால்கூட நாலு விமானம் தலைக்கு மேல் போகும். நான் ஏறிப் பார்த்தது ஒரே தடவை, மதுரைக்கு. அதுவும் ஜன்னல் இல்லாத இருக்கை. மற்றதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. உலகத்தில் எந்த இரண்டு ஊர்ப் பெயரைச் சொன்னாலும் இடையே ஆகாய மார்க்கமாக எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ‘பையன் நல்லபடியா சிட்னி போய்ச் சேர்ந்தான்’ என்று போட்டால், உடனே கீழே தூரத்தையும் நேரத்தையும் எழுதுவேன். பதிலுக்கு ஒரு கும்பிடும் கை வரும். வெகு நாள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அக்கா தஞ்சாவூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் இறங்கினாள். அவளுடைய ஒரே மகள் டொராண்டோவில் நிறைமாதம். குழந்தை திரும்பிக் கிடக்கிறது, அறுவை சிகிச்சைதான், வியாழக்கிழமை என்று அங்கே நாள் குறித்துவிட்டார்கள். மகள் இங்கிருந்து போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது; பனியில் கார் ஓட்டுகிறாள், வெள்ளைக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிறாள். ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் ஆறு வயசுக் குழந்தையாகி, “அம்மா வந்து பக்கத்துல நின்னாத்தான் உள்ள போவேன்” என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை பயந்துபோய் டிக்கெட் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை முன்னிரவில் மீனம்பாக்கம், இடையில் துபாய், புதன்கிழமை டொராண்டோ. ஆயுத பூஜை விடுமுறை நேரம். இந்த விமானத்தை விட்டால் வியாழனுக்குள் போய்ச் சேர வேறு வழி கிடையாது. அக்காவுக்கு இதுதான் முதல் விமானம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். “ஏன்டா, அது எவ்வளவு தூரம் இருக்கும்?”

இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருவர் தாமாக முன்வந்து கேட்ட முதல் கேள்வி. “பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்” என்று சொல்லி முடித்திருக்கலாம். நான் உள்ளே ஓடிப்போய் உலக உருண்டையை எடுத்துவந்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில் வாங்கியது; அண்டார்டிகாவில் திருகாணி.

“எல்லாரும் வரைபடத்தைப் பார்த்து, கனடா மேற்கே இருக்குன்னு நினைக்கறாங்க. அது தப்பு” என்று ஆரம்பித்து, அவள் கையிலிருந்த பூ நூலை வாங்கி ஒரு முனையைச் சென்னையில் வைத்து அழுத்தினேன். இன்னொரு முனையை டொராண்டோவில் வைத்து இழுத்தேன். இழுத்த நூல் எங்கே சுருக்கமாகப் படிகிறதோ அதுதான் உண்மையான வழி. நூல் மேற்கே போகவில்லை. நேராக வடக்கே கிளம்பி, கொஞ்சம் சாய்ந்து, கஜகஸ்தான், ரஷ்யா, நார்வேயின் உச்சந்தலை, கிரீன்லாந்து என்று பனிக்கடலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக இறங்கியது. கட்டி முடித்திருந்த கனகாம்பரம் ஒரு கொத்து ரஷ்யாவின் மேல் தொங்கியது. இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க முடியாது.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்: “டிக்கெட்டுல துபாய்னு போட்டிருக்கு. துபாய் மேற்கேதானே? நூலைக் குடுங்க அண்ணிகிட்ட. பூ வாடுது.”

“துபாய் வியாபாரம். இது பூகோளம்” என்றேன். அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அன்று மாலை அதைக் குழுவிலும் போட்டேன்.

அக்கா நூலைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைப் பார்த்தாள். எழுந்து போய் இரண்டு தாளைத் தூக்கி, செவ்வாய்க்கிழமையின் அடிவரியைப் படித்தாள். சூலம்: வடக்கு. பரிகாரம்: பால்.

“செவ்வாய்க்கிழமை வடக்கே சூலமாச்சேடா.”

கிழமைக்கு ஒரு திசையில் சூலம். அந்தத் திசையில் அன்று பயணம் கிளம்பக் கூடாது. தவிர்க்க முடியாதென்றால் பரிகாரமாகச் சொன்னதைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இதெல்லாம் எங்கள் வீட்டில் ராகு காலத்துக்கு அடுத்த வரிசையில் வைத்து மதிக்கப்படுவது.

“அதனால என்ன அண்ணி, ஒரு டம்ளர் பால் குடிச்சுட்டுக் கிளம்புங்க” என்றாள் மனைவி.

“பாலைக் குடிச்சுட்டுக் கும்மிடிப்பூண்டி போகலாம். இவன் பனிக்கடல்ங்கறானே! அவ்வளவு தூரம் தாங்குமா?” என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “நிஜமாவே வடக்குதானாடா? நல்லாப் பார்த்துச் சொல்லு.”

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன், மேற்குதான் அக்கா, நான் சும்மா விளையாடினேன் என்று சொல்லியிருப்பான். மனைவியும் கண்ணால் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. பூமியின் வடிவத்தை நான் விட்டுக்கொடுத்தால் வேறு யார் காப்பாற்றுவார்கள்?

“வடக்கேதான்” என்றேன். “லேசா மேற்கே சாய்ஞ்சு.”

“அப்போ பரஸ்தானம் வச்சுடலாம்” என்று அக்கா முடிவு செய்தாள்.

பரஸ்தானம் என்பது நம் முன்னோர்கள் கண்டுபிடித்த அழகான தில்லுமுல்லு. கிளம்ப வேண்டிய நாள் சரியில்லையென்றால், அதற்கு முந்தின நல்ல நாளில் பயணச் சாமான் ஏதாவதொன்றை எடுத்துப்போய், போகிற திசையில் இருக்கும் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நிஜமாகக் கிளம்பும்போது அதை எடுத்துக்கொண்டு அப்படியே போகலாம். நடுவில் அந்தச் சாமான் மட்டும் பயணியின் வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. திங்கட்கிழமை சூலம் கிழக்கே, வடக்குக்குத் தடையில்லை.

அக்கா ஒரு மஞ்சள் பையில் புடவையும் விரலி மஞ்சளும் வைத்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவனுக்கு வரும் கெட்ட ஆசை ஒன்று உண்டு: நம்புகிறவர்களைவிட ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும்.

“அக்கா, அந்தக் காலத்துல நடந்து போனாங்க. மாத்து வேட்டி இருந்தாப் போதும். இப்போ பயணம்னா எது? பாஸ்போர்ட்டுதான். புடவையை வச்சா புடவை கிளம்பிடும், நீ இங்கேயே உட்கார்ந்திருப்பே.”

அக்கா என்னை வியப்போடு பார்த்தாள். “உனக்கு இதெல்லாம் கூடத் தெரியுமாடா!” என்றாள். புடவைக்கு நடுவே பாஸ்போர்ட் போய் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை ராகு காலம் கழிந்ததும், செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் முன்னே நடக்க, அக்கா பையோடு பின்னே வந்தாள். வடக்கு என்று அது காட்டியது எதிர் வீட்டை. பத்தடி நடந்தோம். அந்த வீட்டில் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விளையாடினேன்.

“இதுக்கு மூணு விதி இருக்கும்மா” என்றேன், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. “ஒண்ணு, எங்க வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. ரெண்டு, தரையில படக் கூடாது. மூணு, ஆளில்லாத வீட்டுல தனியா இருக்கக் கூடாது.”

முதல் விதி ஊர் அறிந்தது. மற்ற இரண்டும் அந்தக் கதவுநிலையில் நின்றபடி நான் இயற்றியவை.

“சரிங்க சார்” என்று அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“உள்ள என்ன சார் இருக்கு?” என்றார் வாத்தியார்.

“பயணம்” என்றேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவது என்று ஏற்பாடு. காலையில் அக்காவுக்குப் பிரசவ லேகியம் நினைவு வந்தது, பிறகு சுக்கு, பிறகு பூண்டு. மூன்று பேரும் தாம்பரம் மார்க்கெட்டில் அலைந்துவிட்டுத் திரும்பும்போது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. எதிர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

நான் உடனே பதறவில்லை. பதற வேண்டிய விஷயங்கள் எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரியும். போன் செய்தேன். அந்த அம்மாள் எடுத்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

“பெருங்களத்தூர்ல நிக்கறோம் சார். இவருக்கு அரை நாள் லீவு கெடச்சுது. விழுப்புரம் போறோம், எங்க வீட்டுக்கு.”

“அந்தப் பை…”

“கையிலயே வச்சிருக்கேன் சார். கீழயே வைக்கல.”

“அதை ஏம்மா எடுத்துட்டுப் போனீங்க?”

“நீங்கதானே சார் ஆளில்லாத வீட்டுல இருக்கக் கூடாதுன்னீங்க? உங்க வீட்டுக்கும் திரும்பக் கூடாதுன்னீங்க. பெல் அடிச்சோம், யாரும் இல்ல. குரூப்ல மெசேஜ் கூடப் போட்டேனே!”

குழுவை நான் முந்தின நாள்தான் ஊமையாக்கி வைத்திருந்தேன். டொராண்டோ எந்தத் திசை என்ற என் விளக்கத்துக்கு மூன்றாவது மாடிக்காரர் ஒருவர், ‘சார், அப்படியே நம்ம தண்ணித் தொட்டி எப்போ கழுவுவாங்கன்னும் சொல்லுங்க’ என்று எழுதியிருந்தார்.

“அம்மா, அதுக்குள்ள அக்காவோட பாஸ்போர்ட் இருக்கு.”

அந்த அம்மாள் அதை வாத்தியாரிடம் சொல்வது கேட்டது. பிறகு வாத்தியாரின் குரல். “பயணம்னு சொன்னீங்களே சார்!”

அவர்களும் பாவம். முன்பதிவு செய்த பஸ். விட்டால் விடுமுறை முடியும்வரை இடம் கிடைக்காது. பஸ் இன்னும் தாம்பரத்தைத் தாண்டவில்லை என்றும், வந்துவிட்டால் நிற்காது என்றும் சொன்னார். “நீங்க வந்துடுங்க சார். முடியலேன்னா பையோட இவரை இங்கயே விட்டுட்டுப் போறேன்” என்றார் அந்த அம்மாள். வாத்தியார் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னது கேட்டது. சம்மதமாகத் தோன்றவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சோபா நுனியில் உட்கார்ந்து, மடியில் லேகியப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, “நான் வந்தாத்தான் உள்ள போவேன்னு சொல்லியிருக்காடா” என்றாள். அவ்வளவுதான்.

மனைவி ஆணைகளைப் பிறப்பித்தாள். “ரோடு நகராது. ட்ரெயின்ல போங்க. நானும் அண்ணியும் மூணு மணிக்குள்ள டாக்ஸியில ஏர்போர்ட் போயிடறோம். பையை வாங்கிட்டு அடுத்த ட்ரெயின்ல திரிசூலத்துல வந்து எறங்குங்க. இங்க வராதீங்க.”

“ஆமாம், வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது” என்றாள் அக்கா. அந்த நிலையிலும்.

ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் பாதி உட்கார்ந்து, தாம்பரம் ஸ்டேஷன் எவ்வளவு நேரம் என்று மூன்றாவது தடவை கேட்டபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார், அவ்ளோ அவசரம்?”

“பாஸ்போர்ட் பஸ்ல போயிடும்.”

“யாரு பாஸ்போர்ட்டு?”

“அக்காவோடது.”

“அக்கா எங்க கீது?”

“ஏர்போர்ட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு.”

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். “பாஸ்போர்ட்டு அந்தாண்ட, அக்கா இந்தாண்ட. நீ எதுக்கு சார் நடுவுல பேஜார் பண்ணிக்கினு கீற?”

டொராண்டோவுக்கு எவ்வளவு தூரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அந்த நிமிஷம் வரை யோசித்ததே இல்லை.

செங்கல்பட்டு வண்டியில் ஒற்றைக் காலில் நின்றேன். அந்த ஒரு காலும் முழுக்க என்னுடையதல்ல. ரயில் நகர, பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோடு ஜன்னலில் வந்தது. பஸ்களும் கார்களும் வாழைக்கன்று கட்டின லாரிகளும் ஒன்றின் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. அந்த ரோட்டைத் திட்டி நான் பத்திரிகைகளுக்கு ஆசிரியர் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அன்று முதல் தடவையாக, கடவுளே, இது இப்படியே நிற்க வேண்டும் என்று மனமாரப் பிரார்த்தித்தேன்.

பெருங்களத்தூரில் இறங்கி ரோட்டுக்கு வந்தால், தென் தமிழ்நாடு முழுவதும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. கூட்டத்தில் யாரை எங்கே தேடுவது என்று திகைத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. அத்தனை தலைகளுக்கும் மேலே, தூக்கிய ஒரு கையில், மஞ்சள் பை தெரிந்தது. இடிபாட்டில் கீழே விழுந்துவிடக் கூடாதென்று அந்த அம்மாள் எத்தனை நேரமாக அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாரோ! என் இரண்டாவது விதி.

நான் முண்டியடித்துப் போய்ச் சேர்வதற்கும் அவர்கள் பஸ் வருவதற்கும் சரியாக இருந்தது. கூட்டம் அவர்கள் இருவரையும் அப்படியே அள்ளி உள்ளே போட்டது. வாத்தியாரின் கையிலிருந்த பூசணிக்காய் முதலில் ஏறியது, அவர் பிறகு. பையும் போயிற்று. நானும் ஏறினேன்.

“அம்மா, பை!”

“இந்தாங்க சார், பிடிங்க. கீழ படல, பார்த்துக்கோங்க.”

பை தலைகளுக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

“எறங்கணும், எறங்கணும்!”

“இப்பத்தானேய்யா ஏறுன?” என்றார் கண்டக்டர். “விழுப்புரமா, திண்டிவனமா?”

“டொராண்டோ” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“அதெல்லாம் நிக்காது” என்று விசிலை ஊதினார். நல்லவேளையாக, இருபதடி போவதற்குள் பஸ் தானாகவே நின்றது. என் பிரார்த்தனை இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் பையை மூன்று தடவை திறந்து பார்த்தேன். மூன்று தடவையும் பாஸ்போர்ட் இருந்தது. உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

திரிசூலத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டைச் சுரங்கப்பாதையில் கடந்து, ஓட்டமும் நடையுமாக விமான நிலைய வாசலுக்குப் போனேன். தூண் ஓரத்தில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது. பையை நீட்டினேன். வாங்கவில்லை.

“மணி என்னடா?”

“நாலே கால்.”

“ராகு காலம் முடியட்டும். கொஞ்சம் கையிலயே வச்சிரு. கீழ வச்சுடாதே.”

வியர்வை காதோரம் வழிய, மூச்சிரைக்க, சர்வதேச முனையத்தின் வாசலில் மஞ்சள் பையை ஏந்திக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். போகிற வருகிறவர்கள் என்னை ஏதோ கோயிலுக்கு வசூலிக்கிறவன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் தன் சட்டைப்பையைத் தடவிக்கூடப் பார்த்தார். மனைவி எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

நாலரை ஆனதும் அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது அவளுக்கு. “இது எந்தப் பக்கத்துலேர்ந்துடா வந்தது?”

“பெருங்களத்தூர். தெற்கேயிருந்து நேரா வடக்கே வந்திருக்கு.”

“அப்போ சரி” என்று நிம்மதியாக உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு காவலர் பாஸ்போர்ட்டைத் திறந்தபோது, உள்ளேயிருந்து விரலி மஞ்சள் ஒன்று உருண்டு விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று இரவும் மறுநாளும் அவள் பறந்த வழியைச் செல்போனில் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். யாரும் கேட்காவிட்டாலும், எங்கே போகிறாள் என்று வீட்டில் அவ்வப்போது அறிவித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வீடியோ அழைப்பு வந்தது. பேத்தி. சிவப்பாக, முஷ்டியை மூடிக்கொண்டு, உலகத்தின் மேல் ஏதோ புகார் இருக்கிற முகத்தோடு. அறுவை அறையின் கதவு வரைக்கும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு போனாளாம். அதற்கப்புறம்தான் மகள் உள்ளே போகச் சம்மதித்தாளாம். எல்லாரும் குழந்தையைப் பார்த்துக் குரல் மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போனை என் பக்கம் திருப்பினேன்.

“அக்கா, துபாய்லேர்ந்து போறப்போ ஜன்னல் வழியாப் பார்த்தியா? கீழ பனி தெரிஞ்சுதா? கிரீன்லாந்து வந்துதா?”

“யாருக்குடா தெரியும்?” என்றாள் அக்கா. “பெல்ட்டு மாட்டின உடனே தூங்கிட்டேன். நீ பேச ஆரம்பிச்சா எனக்கு வருமே, அந்த மாதிரி நல்ல தூக்கம்.”